எருமை கறப்பது யார் வேலை? பாலின எதிர்பார்ப்பு: ஓர் எளிய அறிமுகம்

நீலகிரியில் தோடர் என்ற பழங்குடியினரின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், எருமை கறப்பது ஆண்கள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பதும் அவர்கள்தான். பால்கோயிலுக்குள் போய் வழிபாடு நடத்துவதும் அவர்களே. பெண்கள் அதற்குள் நுழைவதில்லை. தோடர்களுக்கு எருமையும் பாலும் புனிதம். அந்தப் புனிதத்தைத் தொடும் உரிமை ஆணுக்கு மட்டும்.

இப்போது மலையிறங்கி மேட்டுப்பாளையம் தாண்டிப் போவோம். மாட்டுக்குத் தீவனம் வைப்பது, சாணி அள்ளுவது, கறப்பது, மோர் கடைவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான். ஏன் என்று கேட்டால், "அது பொம்பளைங்க வேலைதானே" என்பார்கள். இது நேற்று இன்று வந்த பழக்கமும் இல்லை. பெரும்பாணாற்றுப்படை என்ற சங்க நூலில் ஓர் ஆய்மகள், அதாவது இடையர் குலப் பெண், வருகிறாள். விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள். மோர்ப்பானையைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு போய் விற்கிறாள். மோர் விற்றுக் கிடைத்ததில் தன் சுற்றத்துக்கே சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை நீட்டினால் வாங்க மாட்டாளாம். எருமையும் பசுவும் கன்றுமாகத்தான் வாங்குவாளாம். நல்ல வியாபாரி.

ஒரே எருமை, ஒரே பால். மேலே ஆணுக்கு உரியது, கீழே பெண்ணுக்கு உரியது. இரண்டு இடத்திலும் மனித உடம்பு ஒன்றுதான். ஆகவே இந்தப் பிரிவு உடம்பிலிருந்து வரவில்லை. சேர்ந்து வாழும் மனிதர்கள் வகுத்துக்கொண்டது. இப்படி ஒரு சமூகம் ஆணிடம் ஒன்றும் பெண்ணிடம் வேறொன்றும் எதிர்பார்ப்பதைத்தான் பாலின எதிர்பார்ப்பு என்கிறோம். பிள்ளை பெறுவது உடம்பு சார்ந்தது. பெற்ற பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது யார் என்பது எதிர்பார்ப்பு. தாய்ப்பால் சுரப்பது உடம்பு. புட்டிப்பால் குடிக்கும் பிள்ளை நடுராத்திரியில் அழுதால் யார் எழுந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்புகளை யாரும் எழுதி ஒட்டி வைப்பதில்லை. மீறினால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களே நிறைந்த ஊரில், அந்த பெஞ்சில் அப்படி உட்காருபவர்கள் எத்தனை பேர்? அதேபோல் வாசல் கொடியில் மனைவியின் சேலையைத் துவைத்துக் காயப்போடும் ஆணுக்கு அக்கம்பக்கத்தில் என்ன பட்டம் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டால் கூரைக்கு மேல் வளரும். வருஷக்கணக்காகக் கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருப்பதால், சுற்றுலா வருபவர்கள் அதைச் செடி என்றே நினைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பெண்ணுக்கு இயற்கையிலேயே பொறுமை அதிகம், ஆணுக்கு இயற்கையிலேயே அழுகை வராது என்றெல்லாம் நாம் சொல்வதும் இந்த மாதிரிதான். வெட்டி நிறுத்திய உருவத்தைப் பார்த்துவிட்டு இயற்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம்.

மதிப்பு யார் பக்கம் போகிறது?

வேலை ஊருக்கு ஊர் மாறுகிறது, சரி. மாறாதது ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களைப் பாருங்கள். இரும்படிப்பது, தச்சு வேலை, வாத்தியம் வாசிப்பது ஆண்கள். மண்பாண்டம் வனைவது பெண்கள். சமவெளியில் சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைபவர் பெரும்பாலும் ஆண். பெண் மண்ணைப் பிசைந்து கொடுப்பார், காயவைப்பார், சந்தைக்குச் சுமப்பார். அதாவது எந்த வேலையும் யாருக்கும் போகலாம். ஆனால் ஒரு வேலை ஆணிடம் இருக்கும்போது அதற்கு ஒரு கெத்து வந்துவிடுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1949-ல் வெளியிட்ட நூலில் இதைக் கவனித்து எழுதினார்: சமைப்பதோ நெய்வதோ எதுவாக இருந்தாலும் சரி, ஆண் செய்தால் அந்தச் சமூகம் அதை முக்கியமான வேலை என்கிறது, அதையே பெண் செய்தால் அவ்வளவு முக்கியமில்லை என்கிறது.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். வீட்டில் மூன்று வேளையும் அடுப்பில் நிற்பது பெண். கல்யாணச் சமையலுக்குக் கூப்பிடுவது ஆணை. சமையலின் உச்சத்துக்கு நாம் வைத்த பெயர்கள் நளபாகம், பீமபாகம்.

தேயிலைக்கு வருவோம். கொழுந்து பறிப்பது ஏன் பெண்கள்? 'இரண்டு இலை ஒரு மொட்டு என்று நோகாமல் கிள்ள வேண்டும், அதற்குப் பெண்களின் மென்மையான விரல்தான் சரி' என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் காரணம். மழைக்காலத்தில் குன்னூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எடை போடும் நேரத்தில் அந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன். இலைக் கறை ஏறிக் கறுத்து, நுனியில் வெடித்து, சொரசொரவென்று இருந்தன. இடுப்பில் படங்குத் துணி கட்டியிருந்த ஓர் அக்கா, காலில் அட்டை கடித்த இடத்தைச் சேலையால் துடைத்தபடியே, "அண்ணே, ஈரத்துக்குன்னு இன்னிக்கு எவ்வளவு கழிக்கப் போறீங்க?" என்று மேஸ்திரியிடம் சண்டைக்கு நின்றார். உங்கள் வீட்டுக்காரர் ஏன் பறிக்க வருவதில்லை என்று அப்புறம் கேட்டேன். "அவருக்கு இதெல்லாம் வராதுங்க, அரை நாள் நின்னா இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றார். பலம் யாருக்கு, மென்மை யாருக்கு என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

1976-ல் சம ஊதியச் சட்டம் வரும்வரை தோட்டங்களில் ஆண் கூலி, பெண் கூலி என்று தனித்தனியாக இருந்தது. மென்மையான விரலுக்குக் குறைந்த கூலி என்பதுதான் அந்த மென்மைப் பேச்சின் உள்கணக்கு. இப்போது பல இடங்களில் கத்தரியும் மோட்டார் இயந்திரமும் வந்துவிட்டன. நான் பார்த்த வரையில் இயந்திரத்தைப் பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள். விரலின் மென்மையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

சட்டத்துக்குள்ளேயும் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல உதாரணம். 50 அல்லது அதற்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால், அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேருக்குக் குறையாமல் இருந்தால், தோட்டம் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்றது அது. பெண்களுக்கு உதவிய நல்ல சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் கணக்கைக் கவனியுங்கள். ஆயிரம் அப்பாக்கள் வேலை பார்த்தாலும் காப்பகத்துக்கு அவர்கள் கணக்கில் வரவில்லை. பிள்ளை அம்மாவுடையது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 50 ஊழியர்கள் என்று பொதுவாக எண்ணியது. முன்னேற்றம்தான். ஆனால் வேலை நேரத்தில் நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரும் உரிமையைப் பெண்ணுக்கு மட்டுமே சொன்னது.

வீட்டு வேலைக்கு வருவோம். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிற இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. அப்படிச் செய்கிறவர்களே ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு வருபவரின் அடுத்த ஷிப்ட் எங்கே என்று இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

இலக்கியத்தில் எங்கே பார்ப்பது?

கதையிலும் கவிதையிலும் பெண் எப்படி வருகிறாள் என்று பார்ப்பதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் முதலில் தேவையில்லை. எதை வர்ணிக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

அந்த ஆய்மகளிடமே திரும்பிப் போவோம். அவள் தயிர் கடைகிற, சுமக்கிற, விற்கிற வரிகளுக்கு நடுவே புலவர் அவளுடைய உடம்பையும் சொல்கிறார்: அழகிய மாமை நிறம், ஆடும் சிறு குழை, மூங்கில் போன்ற தோள், நெளிந்த கூந்தல். சில வரி தள்ளி இடையன் வருகிறான். அவனுடைய உடம்பும் வர்ணிக்கப்படுகிறது. எப்படி? செருப்பு அழுத்தித் தழும்பு விழுந்த கால், தடி ஊன்றி உரமேறிய கை, காவடி சுமந்து தழும்பேறிய தோள். இருவரும் உழைப்பாளிகள். அவன் உடம்பில் உழைப்பு தழும்பாகத் தெரிகிறது. விடியலிலிருந்து மத்தைப் பிடித்து இழுத்தவளின் உள்ளங்கையில் காய்ப்பு இருந்திருக்காதா? தினமும் பானை சுமந்தவளின் கழுத்தில் வலி இருந்திருக்காதா? புலவர் கண்ணுக்கு அது படவில்லை. பட்டது தோளின் அழகு.

இது அந்தப் புலவரின் குற்றம் என்று சொல்லி அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அவர் காலத்தில் பெண்ணைப் பார்க்கும் பழகிய பார்வை அது. இன்றைக்கும் தேயிலை விளம்பரத்தில் சிரிக்கும் பெண் வருகிறாள், பனி வருகிறது, பசுமை வருகிறது. வெடித்த விரலும் அட்டைக்கடியும் வருவதில்லை. பழைய பாட்டையும் புதிய விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பாடத்தின் முதல் படி.

சில இடங்களில் எதிர்பார்ப்பு விதியாகவே எழுதப்பட்டிருக்கும். "பெருமையும் உரனும் ஆடூஉ மேன" என்கிறது தொல்காப்பியம்; பெருமையும் வலிமையும் ஆணுக்கு உரியவை என்று பொருள். பெண்ணுக்கு அச்சமும் நாணமும் மடமும் (பேதைமையும்) எப்போதும் உரியவை என்கிறது. காதல் கைகூடாத ஆண் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே தன் துயரத்தைக் காட்டலாம். பெண் எந்தத் திணையிலும் மடல் ஏறக் கூடாது என்றும் சொல்கிறது. துக்கம் இருவருக்கும் ஒன்றுதான். தெருவில் காட்டும் அனுமதி ஒருவருக்கு மட்டும்.

ஆனால் பாட்டு என்று வரும்போது விஷயம் இவ்வளவு நேராக இருப்பதில்லை. குறுந்தொகையின் 135-ஆவது பாட்டில் எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி ஒன்று உண்டு: "வினையே ஆடவர்க்கு உயிரே, வாணுதல் மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்." ஆணுக்கு உயிர் வேலை, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு உயிர் அந்த ஆண். மேடைகளில் இதை மட்டும் சொல்லி, தமிழர் பண்பாடு என்று முடித்துவிடுவார்கள். பாட்டு அங்கே முடியவில்லை. தலைவன் பிரிந்து போகப் போகிறான் என்று அழும் தலைவியிடம் தோழி சொல்கிறாள்: இதை நமக்குச் சொன்னவரே அவர்தான், அதனால் அழாதே, அவர் பயணத்தை நிறுத்திவிடுவார். கவனியுங்கள், விதியைச் சொன்னது தலைவன். அவன் சொன்ன விதியை வைத்தே தோழி அவனை மடக்குகிறாள்: 'நீதான் இவளுக்கு உயிர் என்றாயே, உயிர் எப்படிப் போகும்?' பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்ற சேர அரசர். எதிர்பார்ப்பைச் சொல்வதும், அதை ஒருவர் சாமர்த்தியமாகத் திருப்பிப்போடுவதும் ஒரே பாட்டுக்குள் நடக்கின்றன. மேற்கோளை மட்டும் படிப்பவர்களுக்கு இரண்டாவது பாதி கிடைக்காது.

குறிஞ்சித் திணை நம்ம மலைக்குரியது என்பதால் அதில் கொஞ்சம் நிற்கலாம். தலைவி தினைப்புனத்தில் பரணில் இருந்துகொண்டு கவணும், ஓசை எழுப்பும் மூங்கில் தட்டையும் வைத்துக் கிளி ஓட்டுகிறாள். வெளியே, காற்றோட்டமாக, தோழிகளோடு இருக்கிறாள். அங்கேதான் அவனைச் சந்திக்கிறாள். கதிர் முற்றி அறுவடை ஆனதும், அல்லது ஊர் வாய் அசையத் தொடங்கியதும், அம்மா அவளை வீட்டுக்குள் வைத்துவிடுகிறாள். இதற்கு இற்செறிப்பு என்று பெயர். வயல் காக்க வேண்டியபோது காட்டு விலங்கு வரும் இடத்தில் நிறுத்தலாம், வேலை முடிந்ததும் 'வெளியே ஆபத்து' என்று உள்ளே வைக்கலாம். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குக் கல்லூரி பஸ் ஏறும் பெண்ணைக் கேட்டால் இதை நன்றாகவே விளக்குவாள். மூடுபனி இறங்குவதற்குள் அவள் வீட்டில் இருக்க வேண்டும். தம்பிக்கு அந்தக் கணக்கு இல்லை. காட்டெருமையும் கரடியும் ஆண் பெண் பார்த்து வழி மறிப்பதில்லை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாளாம். எடுபடவில்லை.

அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்க ஓவியர் 1985-ல் ஒரு சித்திரக்கதையில் விளையாட்டாக ஒரு சோதனை வைத்தார். ஒரு சினிமாவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இதை அகப்பாடல்களுக்கு வைத்துப் பார்த்தால் வேடிக்கை. தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உலகத்தின் பழைய கவிதைகளில் பெண் குரல் இவ்வளவு ஒலிக்கும் இடம் அபூர்வம். ஆனால் பேச்சு முக்கால்வாசி அவனைப் பற்றியே. இதனால் சங்கப் பாட்டு மட்டம் என்று ஆகிவிடாது. பெண் பேசுகிறாள் என்பது ஒன்று, எதைப் பேச விடப்படுகிறாள் என்பது வேறு என்று தெரிந்துகொள்ள இது உதவும். அவ்வளவுதான் அந்தச் சோதனையின் பயன்; மதிப்பெண் போடும் கருவியாக அதைத் தூக்கிக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கும்.

பெண்ணே எழுதினால் எல்லாம் மாறிவிடுமா? சங்கப் புலவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் உண்டு. புறநானூறு 279-ல் ஒரு தாய் வருகிறாள். அவளுடைய தந்தை முன்பு போரில் யானையைக் கொன்று விழுந்தவர், கணவன் அண்மைப் போரில் செத்தவன். இன்று பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலையில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண். வீரத்தாய் என்ற வார்ப்பை ஒரு பெண் புலவரே உறுதியாக்குகிறார். இன்னொரு பக்கம், குறுந்தொகை 28-ல் ஔவையார் காட்டும் பெண்ணுக்கு அச்சமும் இல்லை, மடமும் இல்லை. முட்டுவேனா, தாக்குவேனா, 'ஆஅ ஒல்' என்று கூவுவேனா என்று, தன் நோய் தெரியாமல் தூங்கும் ஊரின் மேல் அப்படி ஒரு கோபம். இரண்டும் பெண்கள் எழுதியவை. எழுதியவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு கதை, இரண்டு முடிவு

தற்கால இலக்கியத்திலிருந்து எத்தனையோ சொல்லலாம். 'கற்பு நிலையென்று சொல்ல வந்தார் இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்' என்ற பாரதியின் கும்மி, பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?', புதுமைப்பித்தன் கதைகள் எல்லாம் பலமுறை பேசப்பட்டவை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் காட்ட விரும்புவது ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்'.

1966-ல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழை நாளில் பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தியை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அதிர்ந்து அலறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தவர் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள். மகளைக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பெண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளும் அம்மாவை அன்று பலரால் ஏற்க முடியவில்லை.

பிறகு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். சம்பவம் அதேதான். அம்மா மட்டும் சமாளிக்கவில்லை. அலறுகிறாள், ஊர் கூடிவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்கா என்ற அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு ராத்திரியின் நிழலில் ஓடுகிறது. அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. நடந்த கொடுமை ஒன்றுதான். ஒன்றில் அந்தப் பெண் மறுநாள் கல்லூரிக்குப் போக முடியும். மற்றதில் வீடே இல்லை. வித்தியாசம் நடந்தது பக்கத்து வீட்டுக் காதுக்குப் போனதா இல்லையா என்பதில் இருக்கிறது. கற்பு என்பது பெண்ணின் உடம்பில் இருக்கும் ஏதோ ஒன்று என்று நாம் நினைக்கிறோம். கதையைப் படித்தால் அது ஊரின் காதில் இருப்பது தெரிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சிறுகதையில் காரோட்டி வந்தவன் மழையோடு மழையாகப் போய்விடுகிறான். சுத்தம் செய்ய வேண்டியவளாக மிஞ்சுபவள் அவள். வாசகர்களின் கோபமும் அவனைத் தேடிப் போகவில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' வேறு விதம். அதில் பெரிய கொடுமை எதுவும் நடப்பதில்லை. ராஜஸ்தானிய கூட்டுக் குடும்பம், வசதியான வீடு, அதன் ஒரு மூலையில் இருட்டான சமையலறை. அந்த மூலையில்தான் அந்த வீட்டுப் பெண்களின் அதிகாரமும் போட்டியும் பெருமையும் எல்லாம். அடிக்கிற கணவன், கொடுமைக்கார மாமியார் என்று தேடுபவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றமாக இருக்கும். எதிர்பார்ப்பு பெரும்பாலும் அன்பாகவும் பாராட்டாகவும்தான் வரும் என்பது பிடிபட்டவர்களுக்குத்தான் இதன் காரம் தெரியும். 'உங்க கை வாசனையே தனி அண்ணி' என்ற ஒரு வார்த்தை ஒருவரை முப்பது வருஷம் அடுப்படியில் நிறுத்திவிடும்.

ஆண்களுக்கு இதில் என்ன?

'பெருமையும் உரனும்' என்று ஆணுக்கு எழுதியதும் எதிர்பார்ப்புதான். சங்கப் பாட்டில் முதுகில் புண்பட்டவனுக்கு வீட்டிலேயே இடமில்லை. இன்று சம்பாதிக்காத ஆணுக்கு. தோட்டத்து லைன் வீடுகளில் வளரும் ஒரு பையன் நர்சிங் படிக்கிறேன் என்றால் முதலில் சிரிப்பது அவனுடைய நண்பர்கள்தான். அழுகையை அடக்கப் பழகியவர்கள் அதைக் குடியில் கரைப்பதையும் பார்க்கிறோம். இருவருக்கும் பாரம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே எடை என்று சொல்லிவிட முடியாது. ஆணின் எதிர்பார்ப்போடு நிலமும் பேரும் சேர்ந்து வருகின்றன. கொழுந்து பறிப்பது, களை எடுப்பது எல்லாம் அம்மா; சிறு தேயிலைத் தோட்டத்தின் பட்டா அப்பா பேரில். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை கொடுத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இருந்தும் அண்ணன் தம்பிக்கு 'விட்டுக்கொடுத்து' கையெழுத்துப் போடும் தங்கைக்கு நல்ல பெண் என்ற பெயர் கிடைக்கிறது. போட மறுப்பவளுக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

'நாம்தான் பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிறோமே' என்று ஒரு பதில் எப்போதும் வரும். உண்மைதான். நீலகிரிப் படகர்கள் கும்பிடும் ஹெத்தை என்ற தெய்வம் ஒரு பாட்டி. வரதட்சணை தங்கள் மரபில் இல்லை என்று படகர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மாரியம்மன் இல்லாத ஊர் கிடையாது, கண்ணகிக்குச் சிலை உண்டு. ஆனால் தெய்வத்துக்குப் பஸ் நேரம் கிடையாது, பட்டா தேவையில்லை, 299 நிமிடமும் இல்லை. கும்பிடுவதையும் பங்கு கொடுப்பதையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

'அந்தக் காலத்து இலக்கியத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கலாமா?' என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. தீர்ப்புச் சொல்வதற்காகப் பார்த்தால் தப்பு. அன்றைக்கு என்ன எதிர்பார்த்தார்கள், அதில் எது இன்னும் நம் வீட்டில் நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தால் தப்பே இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால்: 'அக்னிப் பிரவேச'த்தை ஒரே மூச்சில் படித்துவிடலாம், அதை முதலில் படியுங்கள். முடித்ததும் கதையில் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, யாருக்கு அந்தத் தேவையே வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறம் அம்பை. சங்கப் பாட்டு உரையோடு கிடைத்தால் குறுந்தொகையில் 28-ஐயும் 135-ஐயும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நீலகிரிப் படகர் வாழ்வைப் பற்றிய நாவல். பெரியது, அதை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அதைப் படிக்கும்போது நிலத்தில் குனிந்து வேலை பார்ப்பது யார், நிலத்தைப் பற்றி முடிவெடுப்பது யார் என்று பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள்.